படத்தில் அவர் இல்லாத நாள்

எங்கள் தமிழ்ச் சங்கத் தலைவர் நகரசபைக்குத் தெரிவான அன்று எங்கள் வீட்டுக் குசினியில் நான்தான் கேசரி கிண்டினேன். எங்கள் மண்டபத்தில் அதைச் சின்னக் கிண்ணங்களில் போட்டு எல்லாருக்கும் கொடுத்தோம். எங்களில் ஒருவர் டெனிஷ் நகரசபை ஒன்றில் உட்காரப்போகிறார் என்பதில் எனக்கு உண்மையாகவே பெருமை இருந்தது. அவருக்காக வீடுவீடாகப் போய் வாக்குக் கேட்டவர்களில் நானும் ஒருத்தி.

நாங்கள் இருப்பது டென்மார்க்கின் கிழக்கு யூலன்டில் ஒரு சிறிய நகரம். பலர் பக்கத்துப் பெரிய நகரங்களான ஓகூஸுக்கும் ஹோர்சன்ஸுக்கும் வேலைக்குப் போய்வருகிறார்கள். என் கணவருக்கு ஹோர்சன்ஸில் தொழிற்சாலை வேலை. எனக்கு உள்ளூரிலேயே, மேட்டின் மேலுள்ள முதியோர் இல்லத்தில் பராமரிப்பு வேலை. அங்கே காலை முறைக்கு வருகிற பெண்களில் பாதிப்பேர் எங்கள் ஆட்கள்தான்.

அவர் பல வருடங்களாக எங்கள் சங்கத்தின் தலைவர். நல்ல குரல், நல்ல டெனிஷ், எந்த நேரமும் மடிப்புக் கலையாத உடுப்பு. யாருடைய கலியாணப் படத்திலும் மாப்பிள்ளைக்குப் பக்கத்தில் நிற்பார். ஒருமுறை ஒரு செத்தவீட்டில் அஞ்சலி உரை செய்ய எழும்பினார். இறந்தவருக்கு முதல் வேலை எடுத்துக் கொடுத்தது தான்தான் என்று தொடங்கி, தான் டென்மார்க்குக்கு வந்த கதை, ஓர் அமைச்சர் தனக்குக் கைகொடுத்த கதை என்று போய்க்கொண்டே இருந்தது. முன்வரிசையில் இருந்த இறந்தவருடைய மனைவி அழுகையை நிறுத்திவிட்டு அவரையே பார்த்துக்கொண்டிருந்தார். வெளியே வந்ததும் தலைவர் என்னிடம் கேட்டது, "என்ர பேச்சு எப்பிடி, தங்கச்சி?"

"நல்லாயிருந்தது அண்ணை" என்றேன். எல்லாரும் அப்படித்தான் சொல்வோம். கொஞ்சம் புகழ்ச்சி கேட்கிறார், கொடுத்துவிட்டால் நாலு நல்ல காரியம் நடக்கும் என்பது எங்கள் எண்ணம்.

பிறகு பஸ் பிரச்சினை வந்தது. எங்கள் குடியிருப்பிலிருந்து முதியோர் இல்லத்துக்குப் போகும் காலை முதல் பஸ்ஸையும், சனி ஞாயிறு பஸ்களையும் நிறுத்துவதற்கு நகரசபையில் ஒரு திட்டம் போட்டிருந்தார்கள். கார் இல்லாதவர்களுக்கு அந்தப் பஸ்ஸை விட்டால் சைக்கிள்தான். தை மாதத்துப் பனிவழுக்கலில், முகத்தில் அடிக்கிற காற்றில், அந்த மேட்டில் சைக்கிள் மிதிப்பது எப்படியென்று திட்டம் போட்டவர்களுக்குத் தெரிந்திருக்க நியாயமில்லை.

நான் அவரிடம் போனேன். அந்த விசயத்தைத் தீர்மானிக்கிற குழுவில் அவரும் இருந்தார்.

"நீங்கள் ஒண்டுக்கும் யோசிக்காதேங்கோ, தங்கச்சி. நான் இருக்கேக்குள்ள ஆர் அந்த பஸ்ஸை நிப்பாட்டுறது எண்டு பாப்பம்" என்றார்.

சொன்னபடி ஒரு கூட்டமும் வைத்தார். எங்கள் குடியிருப்பின் பொதுமண்டபம் நிறைந்துவிட்டது. டெனிஷ்காரரும் வந்திருந்தார்கள், உள்ளூர்ப் பத்திரிகையிலிருந்து ஒருவர் கமராவுடன் வந்திருந்தார். தலைவர் பேசினார். அகதியாக வந்தது, மொழி படித்தது, அமைச்சர் கைகொடுத்தது எல்லாம் வந்தன. பஸ் மட்டும் வரவில்லை. ஆட்கள் கோப்பியை ஊற்றிக் குடித்துக்கொண்டு கதிரைகளில் நெளியத் தொடங்கினார்கள்.

அப்போது பின்வரிசையிலிருந்து ஒரு டெனிஷ் அம்மா கைத்தடியை ஊன்றிக்கொண்டு எழும்பினார். ஓய்வுபெற்ற ஆசிரியை. அவருடைய கணவருக்கு மறதி நோய், எங்கள் இல்லத்தில் நான் பார்க்கிற பகுதியில்தான் இருக்கிறார். ஒவ்வொரு காலையும் அந்த முதல் பஸ்ஸில் வந்து கணவருக்குக் காலைச் சாப்பாடு ஊட்டிவிட்டுப் போவார்.

"காலையில் கொஞ்ச நேரம் மட்டும் அவருக்கு என்னை யாரென்று தெரியும்" என்றார். "மத்தியானத்துக்குப் பிறகு நான் யாரோ ஒரு பெண். எனக்கு இடுப்பில் சத்திரசிகிச்சை செய்திருக்கிறது, சைக்கிள் ஓட முடியாது. அந்தப் பஸ் போனால் என் கணவரும் போய்விடுவார்."

அவ்வளவுதான் சொன்னார். இருந்துவிட்டார்.

கூட்டம் முடிந்ததும் பத்திரிகைக்காரர் அந்த அம்மாவைப் பஸ் தரிப்பிடத்துக்குக் கூட்டிக்கொண்டு போனார். எங்களையும் பக்கத்தில் வந்து நிற்கச் சொன்னார், நின்றோம். அந்தப் படம்தான் பத்திரிகையில் பெரிதாக வந்தது. நடுவில் அந்த அம்மா, சுற்றிவர நாங்கள். தலைவர் படத்தில் இல்லை. கூட்டத்தில் ஒரு நகரசபை உறுப்பினரும் பேசினார் என்று கீழே ஒரு வரி இருந்தது.

வேலை இடைவேளையில் தலைவரிடமிருந்து தொலைபேசி வந்தது.

"உந்தப் படத்தை ஆர் ஒழுங்குபடுத்தினது?"

"ஒருத்தரும் இல்லை அண்ணை. அந்தப் பத்திரிகைக்காரர்தான் நிக்கச் சொன்னவர்."

"கூட்டம் வைச்சது நான். பேர் எடுக்கிறது ஒரு வெள்ளைக்காரக் கிழவி. நீங்களும் பக்கத்தில நிண்டு பல்லைக் காட்டுறியள்."

"பஸ் நிண்டிடாமல் இருந்தால் காணும்தானே, அண்ணை?"

"உங்களுக்கு உது விளங்காது" என்று சொல்லி வைத்துவிட்டார்.

அன்று பின்னேரம் கணவரிடம் சொன்னேன். அவர் சண்டைகளுக்குத் தூரமான மனிதர். "இஞ்சேரும், ஒருக்கால் போய் அவரைச் சமாளியும். நாலு நல்ல வார்த்தை சொன்னால் அவர் குளிர்ந்திடுவார்" என்றார்.

எனக்குப் பஸ் வேண்டும். ஆகவே வடை சுட்டுக்கொண்டு போனேன். அவருடைய வரவேற்பறைச் சுவர் முழுக்க அவருடைய படங்கள். அவற்றின் கீழே உட்கார்ந்து, நீங்கள் இல்லாவிட்டால் எங்களுக்கு யார் இருக்கிறார்கள் அண்ணை, பத்திரிகைக்கு உங்கள் அருமை எங்கே தெரியும் என்றெல்லாம் சொன்னேன். சொல்லச் சொல்ல அவருடைய முகம் மலர்ந்தது. வடை நன்றாயிருக்கிறது என்றார். பஸ்ஸைத் தான் பார்த்துக்கொள்வதாகச் சொன்னார். திரும்பி நடக்கும்போது சவர்க்காரத்தை நக்கியதுபோல வாய் முழுக்க ஒரு கைப்பு.

குழு கூடியது. அவர் பஸ்ஸை நிறுத்துவதற்கு ஆதரவாக வாக்களித்தார். திட்டம் நிறைவேறியது.

பத்திரிகையைப் பார்த்துத்தான் அது எங்களுக்குத் தெரியவந்தது. பொறுப்புள்ள அரசியல்வாதி கசப்பான முடிவுகளுக்கும் தயாராக இருக்க வேண்டும் என்று சொல்லியிருந்தார். இந்த முறை அவருடைய படம் போட்டிருந்தார்கள்.

சங்கத்தின் அடுத்த நிகழ்ச்சியில் மேடையில் வைத்தே விளக்கம் சொன்னார். "நான் உந்தத் திட்டத்தை முறியடிச்சிருப்பன். ஆனா சில பேர் எனக்குத் தெரியாமல் பின்னுக்கு நிண்டு அரசியல் செய்தவை. நான் என்ன செய்யிறது?" சொல்லிவிட்டு நான் இருந்த பக்கம் பார்த்தார். எல்லாரும் திரும்பினார்கள்.

அவருடைய கதையை நான் தாங்கிக்கொண்டிருப்பேன். ஆனால் நிகழ்ச்சி முடிந்து சப்பாத்துப் போடும்போது, என்னோடு வேலை செய்கிற, அதே பஸ்ஸில் போய்வந்த பெண் காதருகில் வந்து, "நீங்கள் அவரைக் கொஞ்சம் அனுசரிச்சுப் போயிருக்கலாம், அக்கா" என்றாள். அன்று வந்த ஆத்திரத்தை இன்னும் என்னால் சரியாகச் சொல்ல முடியவில்லை. வாக்களித்தது அவர். பஸ்ஸை இழந்தது அவள். பிழை என்னுடையதா?

அந்தக் குளிர்காலத்தைக் கடத்தினோம். கார் உள்ளவர்கள் மற்றவர்களை ஏற்றிக்கொண்டு போனார்கள், நான் சைக்கிள் ஓடினேன். எங்களில் ஒருத்தி பனியில் சறுக்கி விழுந்து மணிக்கட்டை முறித்துக்கொண்டாள். டெனிஷ் அம்மா அடுத்த பஸ்ஸில் வந்துசேர்வதற்குள் கணவருக்கு நான் சாப்பாடு கொடுத்து முடித்திருப்பேன். ஒருநாள் நான் இன்னும் ஊட்டிக்கொண்டிருக்கும்போதே அந்த அம்மா வந்துவிட்டார், கணவரோ மனைவியைப் பார்க்காமல் என் கையிலிருந்த கரண்டியையே பார்த்துக்கொண்டிருந்தார். அந்த அம்மா மேற்சட்டையைக்கூடக் கழற்றாமல் வாசலிலேயே நின்றார்.

பிறகு என்னிடம் வந்து, "நகரசபைக் கூட்டம் தொடங்கமுன் பொதுமக்கள் கேள்வி கேட்கலாம். நீ என்னோடு வருகிறாயா?" என்றார்.

எனக்குத் தெரிந்த டெனிஷ் மொழி, ஆட்களைக் குளிப்பாட்டவும் ஆறுதல் சொல்லவும் போதும். மேயருக்கு முன்னால் நிற்க அது போதுமா என்று பயந்தேன். ஓகூஸில் படிக்கிற மகள் வார விடுமுறைக்கு வந்தபோது எழுதிவைத்ததை வாசித்துக் காட்டினேன். அதில் பாதி தலைவரைப் பற்றியது. வாக்குத் தந்தார், ஏமாற்றினார், மேடையில் அவமானப்படுத்தினார்.

மகள் வழக்கம்போல டெனிஷில் பதில் சொன்னாள். "அம்மா, அவரைப் பற்றி ஒரு சொல்லும் வேண்டாம். நீ திட்டினாலும் கதை அவரைப் பற்றியதாகிவிடும். அவருக்கு அது போதும். பஸ்ஸைப் பற்றி மட்டும் பேசு."

அவ்வளவையும் வெட்டினோம். வெட்டும்போது எனக்கு மனம் பொறுக்கவில்லை.

கூட்டத்தில் தலைவர் தன் இடத்தில் கைபேசியைப் பார்த்தபடி இருந்தார். டெனிஷ் அம்மா முதலில் பேசினார். பிறகு நான் எழும்பினேன். காலையில் நாங்கள் வந்துசேராவிட்டால் முதியவர்களை யார் கழுவுவது, யார் சாப்பாடு கொடுப்பது என்று கேட்டேன். விசயத்தைத் திரும்பப் பார்ப்பதாக மேயர் சொன்னார்.

வெளியே நடைவழியில் தலைவர் ஓடிவந்தார். கைபேசியை உயர்த்திப் பிடித்துக்கொண்டு, "சிரியுங்கோ, தங்கச்சி" என்றார். நான் விலகுவதற்குள் எடுத்துவிட்டார். வீட்டுக்கு வரும்போதே அது முகநூலில் இருந்தது. தனது வழிகாட்டலில் எங்கள் பெண்கள் நகரசபையில் துணிந்து பேசினார்களாம். கீழே வாழ்த்துகள் குவிந்திருந்தன. விருப்பம் தெரிவித்தவர்களில் என் கணவரும் இருந்தார்.

"நீங்களுமோ?"

"லைக்கை அமத்தாட்டி ஏன் எண்டு கேப்பாரப்பா" என்றார் அவர்.

நான் அன்று அவருக்குத் தேத்தண்ணி போடவில்லை.

வசந்தத்தில் வேலைநாள் காலைப் பஸ் திரும்ப ஓடத் தொடங்கியது. சனி ஞாயிறு இல்லை. முதல் நாள் காலை தலைவர் தரிப்பிடத்துக்கு வந்து சாரதியோடு நின்று படம் எடுத்துக்கொண்டார், ஆனால் பஸ்ஸில் ஏறவில்லை. அடுத்த தேர்தலில் முன்னையதைவிடக் கூடுதலான வாக்குகளோடு வென்றார். வீதி விளக்குக் கம்பங்களில் அவருடைய முகம் பல நாட்களாகச் சிரித்துக்கொண்டிருந்தது.

நான் சங்க நிர்வாகத்திலிருந்து விலகிவிட்டேன். அவருடைய தொலைபேசி வந்தால் எடுப்பதில்லை, முகநூலில் அவர் எழுதுவதைத் திருத்தப் போவதில்லை. ஏதாவது தேவையென்றால் நகரசபை அலுவலகத்துக்கு நானே நேரே போகிறேன். இதனால் நிம்மதி வந்துவிட்டதா என்று கேட்டால் இல்லை. அவருடைய குரலைக் கேட்டாலே எனக்கு இன்னும் நெஞ்சு எரிகிறது. அவர் நன்றாக நித்திரை கொள்வார் என்பது எனக்குத் தெரியும்.

போன மாதம் பஸ்ஸில் பக்கத்தில் இருந்த பெண், எங்கள் இல்லத்துக்குப் புதிதாக வேலைக்கு வந்தவள், சொன்னாள். "இந்த பஸ்ஸைத் தலைவர் அண்ணைதான் போராடி எடுத்துத் தந்தவராம், என்னக்கா?"

"இல்லை. நிப்பாட்டுறதுக்கு வாக்குப் போட்டவர் அவர்."

அவள் என்னை ஒரு மாதிரிப் பார்த்தாள். "உங்களுக்கும் அவருக்கும் ஏதும் பிரச்சினையோ?"

"சனி ஞாயிறு வேலைக்குப் போக பஸ் இல்லை. அதுதான் பிள்ளை என்ர பிரச்சினை" என்றேன். "அடுத்த கூட்டத்தில நானும் அந்த டெனிஷ் அம்மாவும் கேக்கப்போறம். நீரும் வாறீரோ?"

யோசித்துச் சொல்கிறேன் என்றாள். இன்னும் சொல்லவில்லை.