துணியில் இருந்த மணம்

எங்கள் வீட்டில் எல்லாத் துணியிலும் பால்கோவா மணம் இருக்கும். ஸ்ரீவில்லிபுத்தூரில் வீட்டுக்குப் பின்பக்கம் மூன்று அடுப்புப் போட்டுப் பால் காய்ச்சுகிற குடும்பம் நாங்கள். பாலும் சீனியும் வற்றும்போது எழும்புகிற ஆவி சுவரில் ஏறும், தலைமுடியில் ஏறும், கொடியில் காய்கிற சேலையில் ஏறும். பஸ்ஸில் பக்கத்தில் உட்காருகிறவர்கள் ஒரு தடவை திரும்பிப் பார்ப்பார்கள். எனக்கு அது பெருமைதான். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து துடுப்புப் பிடிக்கிறேன். நான் கிண்டிய சட்டி அடிப்பிடித்தது என்று ஒருவரும் சொன்னதில்லை.

படிப்பு மூன்றாம் வகுப்போடு நின்றது. எழுத்துக் கூட்டி வாசிப்பேன். கையெழுத்துப் போடுவேன், கைநாட்டு வைத்ததில்லை.

என் மருமகள் எனக்கு வெளியாள் இல்லை, ராஜபாளையத்தில் இருக்கும் என் அண்ணன் மகள். தாயில்லாத பிள்ளை. அண்ணன் மில்லில் வேலை பார்த்து ஓய்ந்தவர். பெண்துணை இல்லாத வீட்டில் எப்படிப் பிரசவம் பார்ப்பது என்று தலைப்பிரசவத்தை எங்கள் வீட்டிலேயே வைத்துக்கொண்டோம். பெண் குழந்தை பிறந்தது. நல்ல நிறம், நல்ல எடை.

மூன்றாம் நாள் குழந்தையின் மூத்திரத் துணியை அலச எடுத்தேன். சீனி தீயப்போகிற நேரத்து மணம் அடித்தது. என் கைதான் மணக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். நினைத்துக்கொண்டேன் என்பது சரியில்லை. அப்படி வைத்துக்கொண்டேன். துணியை அலசிக் காயப்போட்டுவிட்டு அடுப்படிக்குப் போனேன்.

என் கை மணம் இல்லை என்று எனக்குத் தெரியும். தெரிந்ததற்குக் காரணம் இருக்கிறது. இந்த மகனுக்கு முன்னால் எனக்கு இரண்டு பிள்ளைகள் பிறந்து, இரண்டும் பதினைந்து நாள் தாண்டாமல் போய்விட்டன. மூத்தது ராஜபாளையத்தில் என் அம்மா வீட்டில் பிறந்தது. அங்கே கோவா அடுப்புக் கிடையாது. இருந்தும் துணியில் அந்த மணம் வந்தது. அம்மா மோந்து பார்த்துச் சிரித்தாள். “ஏட்டி, உம் புருசன் வீட்டு மணம் பிள்ளையோட கூடவே வந்திருக்கு பாரு. ஊர்க்காரப் பிள்ளைதான்” என்றாள். ஒரு வாரத்தில் பிள்ளை பால் குடிப்பதை விட்டது. விறைத்துக்கொண்டு சைக்கிள் மிதிப்பதுபோல் காலை உதைத்தது. பிறகு அடங்கிவிட்டது. அடுத்ததும் அதே மாதிரி, அதே மணத்தோடு. “உம் பாலு ஆகலட்டி, அதுல என்னத்தையோ வச்சிருக்க” என்று என் மாமியார் சொன்னார். மூன்றாவதாக மகன் பிறந்து தங்கினான். அம்மாவும் மாமியாரும், சொந்தத்திலேயே எனக்குக் கட்டிவைத்த புருஷனும் காலமாகி ரொம்ப நாளாயிற்று. மணத்தைப் பற்றித் தெரிந்த ஆள் அதற்குப் பிறகு நான் ஒருத்திதான்.

அண்ணன் மகளை என் மகனுக்குக் கேட்டபோது அண்ணன் ஒரு வார்த்தை கேட்டார். “ஏத்தா, உனக்கு முன்ன ரெண்டு பிள்ளை தவறுச்சே, அது என்னன்னு டாக்டருக யாரும் சொன்னாவளா?”

“மஞ்சக்காமாலைண்ணே” என்றேன்.

ஒரு டாக்டரும் அப்படிச் சொல்லவில்லை. என் உடம்பில் குறை என்று இன்னொரு தடவை கேட்க எனக்கு மனமில்லை. அவ்வளவுதான்.

பேத்தி ஐந்தாம் நாள் பால் குடிக்கச் சிணுங்கினாள். ஏழாம் நாள் கால்களை உதைத்தாள். பார்க்க வந்தவர்கள், பச்சைப் பிள்ளைக்கு வருகிற சீர்தான் தட்டியிருக்கிறது, கல்லில் உரைத்து உரை மருந்து கொடுங்கள் என்றார்கள். நான் மருமகளைப் பார்த்து, “உம் பாலுதான் அவளுக்குச் சேரல” என்றேன். என் வாயிலிருந்துதான் அது வந்தது. எட்டாம் நாள் மதுரைக்குக் கொண்டுபோனோம். டாக்டரம்மா குழந்தையின் காதை மோந்து பார்த்தார். அப்படி மோந்து பார்த்த டாக்டரை நான் கண்டதில்லை.

“மூத்திரத்துல சீனிப்பாகு மாதிரி மணம் வந்துதா?”

“எங்க வீட்ல எல்லாமே அப்படித்தான் டாக்டர் மணக்கும்” என்றாள் மருமகள். “கோவா போடுற வீடு.”

டாக்டரம்மா என்னைப் பார்த்தார். “நீங்க சொல்லுங்கம்மா. இந்த மாதிரி முன்னாடி இந்த வீட்ல யாருக்காவது?”

“எனக்கு ரெண்டு பிள்ள போச்சு. அது மஞ்சக்காமாலை. இது மாதிரி ஒண்ணும் இல்ல.”

அதை எழுதிக்கொண்டார். பதினோராம் நாள் குழந்தை இறந்தது. அன்று பகலில், உயிர் இருக்கும்போதே, தொடையிலிருந்து பொட்டு அளவு தோலை எடுத்தார்கள். ஆராய்ச்சிக்கு என்று மகன் கையெழுத்துப் போட்டான். நான் அழவில்லை. மருமகளும் அழுது நான் பார்க்கவில்லை. வீட்டுக்கு வந்தோம், மறுநாள் பால் வந்தது, காய்ச்சினோம்.

ஏழெட்டு மாதம் கழித்து, மருமகளுக்கு மறுபடி மூன்று மாதம் ஆகியிருந்தபோது, கிருஷ்ணன்கோவில் பக்கத்துப் பல்கலைக்கழகத்திலிருந்து ஒரு பெண் வந்தாள். ஆராய்ச்சி மாணவி. சொந்த ஊர் ஆலங்குளம். தோளில் ஒரு பை, கையில் மருந்துப் பெட்டி. நான் அடுப்பில் இருந்தேன்.

“ஆச்சி, ஒங்க ரத்தம் கொஞ்சம் வேணும்” என்றாள்.

“எடுத்த எடுப்புல ரத்தம் கேக்குதா. ஒக்காரு, மொதல்ல மோர் குடி. எனக்கு என்ன நோயா?”

“நோயில்ல ஆச்சி. ரெண்டு ஸ்பூன்தான்.”

“ரெண்டு ஸ்பூனுக்கா பஸ் ஏறி வந்த? சட்டியைக் கிண்டு, தாரேன்.”

அவள் சிரித்துக்கொண்டே துடுப்பை வாங்கினாள். ஐந்து நிமிஷத்தில் கை கடுக்கிறது என்று திருப்பிக் கொடுத்தாள். துடுப்பு செத்த நேரம் நின்ற இடத்தில் பால் அடியில் பிடிக்கப் பார்த்தது. நான் வாங்கிச் சரிசெய்தேன்.

அதைப் பார்த்துக்கொண்டே அவள் எங்களுக்கு விளக்கம் சொன்னாள். பால், பருப்பு, முட்டை எல்லாவற்றிலும் இருப்பது புரோட்டீன். உடம்பு அதைத் துண்டு துண்டாக நறுக்கித்தான் உள்ளே எடுக்கும். நம் உடம்பு முழுக்கக் கண்ணுக்குத் தெரியாத செல்கள். ஒவ்வொரு செல்லிலும் அந்தத் துண்டுகளை எரித்துச் சத்தாக்குகிற வேலைக்காரர்கள் இருக்கிறார்கள், அவர்களும் புரோட்டீன்தான். அதில் நாலு பேர் கூட்டாக ஒரு வேலை செய்வார்கள். அந்த நாலில் ஒருவன் கோணலாகப் பிறந்துவிட்டால் மூன்று வகைத் துண்டு மட்டும் எரியாமல் தேங்கும். தேங்கியது மூளையைக் கெடுக்கும். அதுதான் மூத்திரத்தில் சீனி மணமாக வரும்.

“அப்ப தாய்ப்பாலு?” என்று கேட்டாள் மருமகள்.

“தாய்ப்பால்ல தப்பே இல்லக்கா. ஒங்க பாலு நல்ல பாலு. அந்தப் பிள்ளையால அதை எரிக்க முடியல.”

மருமகள் என்னைப் பார்க்கவில்லை. நான் அடுப்பைப் பார்த்தேன்.

அந்தப் பெண் வந்த காரியம் இதுதான். மகனுடைய ரத்தத்திலும் மருமகளுடைய ரத்தத்திலும் ஒரே இடத்தில் ஒரு சின்னப் பிசகு இருக்கிறது. அப்பா பக்கமும் அம்மா பக்கமும் அதைச் சேர்த்து வாங்குகிற பிள்ளைக்குத்தான் வியாதி வரும். ஆனால் இதற்கு முன் எங்கேயும் யாருக்கும் பார்த்திராத பிசகு. இதுதான் குற்றவாளியா, சும்மா கூட இருக்கிறதா என்று தெரியவில்லை. தெரிந்தால்தான் வயிற்றில் இருக்கிற பிள்ளைக்கு இருக்கிறதா என்று பனிக்குடத்து நீரெடுத்துப் பார்க்கலாம்; இருந்தால் பிறந்த அன்றே பாலை நிறுத்தி அந்த மூன்று வகை இல்லாத பால்மாவு கொடுத்துக் காப்பாற்றப் பார்க்கலாம்.

“வீட்ல முன்ன இதே மாதிரி ஒரு பிள்ள போயிருந்தா ஒரு பிடி கிடைக்கும் ஆச்சி. ஆனா மஞ்சக்காமாலைன்னு எழுதிருக்கு. நல்லா ஞாபகப்படுத்திப் பாருங்க. துணி மணம் ஏதும்?”

“எழுதினது எழுதினதுதான்” என்றேன். ரத்தத்தைக் கொடுத்தேன். அவள் போய்விட்டாள்.

இரண்டு வாரம் போயிருக்கும். குழந்தையிடம் எடுத்த தோலின் செல்கள் பல்கலைக்கழகத்தில் வளர்கின்றன என்று அந்தப் பெண் சொல்லிக் கேட்டதிலிருந்து மருமகளுக்கு அதைப் பார்க்க வேண்டும். மகன், வேண்டாம் என்றான். அவள் கேட்கவில்லை. துணைக்கு நான் போனேன்.

குளிர்ந்த அறை. பெட்டி ஒன்றைத் திறந்து தட்டையான ஒரு பாட்டிலை எடுத்தாள் அந்தப் பெண். உள்ளே இளஞ்சிவப்பில் தண்ணீர், வேறு ஒன்றுமில்லை. “பெட்டிக்குள்ள ஒடம்புச் சூடுதான்கா, கூடவும் விடமாட்டோம், கொறையவும் விடமாட்டோம்” என்றாள். பூதக்கண்ணாடியின் கீழே பாட்டிலை வைத்து மருமகளைப் பார்க்கச் சொன்னாள். மருமகள் குனிந்தவள் நிமிரவில்லை.

“இது அவதானா?”

“அவ தோல்ல இருந்து வந்ததுதான்கா.”

“இன்னும் வளருதா?”

“வளருது. ரெண்டு நாளைக்கு ஒருக்கா தண்ணி மாத்துறேன்.”

“பசிக்குமா அதுக்கு?”

அந்தப் பெண் பாட்டிலைத் தொட்டுக் காட்டினாள். “சாப்பாடு அந்தத் தண்ணியிலயே இருக்குக்கா” என்றாள்.

பிறகு நான் பார்த்தேன். நீளநீளமாக, இரண்டு முனையும் கூராக, தண்ணீரில் நெல் சாய்ந்து கிடப்பதுபோல் கிடந்தன. அசையவில்லை. இறந்து எட்டு மாதம் தாண்டிய பிள்ளை. என் மூத்த இரண்டும் குழிக்குள் போனதோடு சரி, ஒரு நகம்கூட மிச்சமில்லை. என் நெஞ்சில் ஒன்றும் கிளம்பவில்லை. கண்ணை எடுக்காமலே சொன்னேன்.

“மணம் இருந்துச்சு.”

“எதுல ஆச்சி?”

“என் ரெண்டு பிள்ள துணியிலயும். மஞ்சக்காமாலையெல்லாம் இல்ல. மூத்தது கோவா அடுப்பே இல்லாத வீட்ல பிறந்துச்சு. அங்கயும் அதே மணம். கால உதைச்சுச்சு, பொறவு போயிருச்சு.”

அந்தப் பெண் பேனாவை எடுத்துவிட்டாள். எத்தனையாம் நாள், எப்படி அழுதது, எப்போது பால் விட்டது என்று ஒவ்வொன்றாகக் கேட்டாள். நான் சொன்னேன். என் ரத்தத்திலும் அதே பிசகு இருப்பதை முந்தின நாள்தான் கண்டதாகச் சொன்னாள். அவள் முகத்தில் ஒரு வெளிச்சம் வந்ததை நான் பார்த்தேன். உடனே அதை அடக்கிக்கொண்டாள்.

மருமகள் என் பக்கம் திரும்பினாள். “எம்பிள்ள துணியில?”

“இருந்துச்சு.”

“எப்ப தெரியும் ஒங்களுக்கு?”

“மூணாம் நாளு.”

அவள் அந்தப் பெண்ணிடம் கேட்டாள். “மூணாம் நாளே கொண்டு போயிருந்தா?”

அந்தப் பெண் பாட்டிலைப் பெட்டிக்குள் வைத்துக் கதவைச் சாத்தினாள். பிறகுதான் பேசினாள். “வாய்ப்பு இருந்திருக்கும்கா. உறுதின்னு சொல்ல மாட்டேன். இருந்திருக்கும்.”

மருமகள் சத்தம் போடவில்லை. போட்டிருந்தால் பதிலுக்கு நானும் ஏதாவது சொல்லியிருப்பேன், எனக்கு வாய் உண்டு. பஸ்ஸில் முன்சீட்டில் போய்த் தனியாக உட்கார்ந்தாள். வீட்டுக்கு வந்து இரண்டு பைகளில் துணியை எடுத்துவைத்தாள். மகனிடம் என்ன சொன்னாளோ, அவன் அடுப்படிக்கு வந்து நின்று, “ஏம்மா?” என்றான். அந்த ஒரு சொல்தான். நான் துடுப்பை நிறுத்தவில்லை. மறுநாள் காலையில் அவளை ராஜபாளையத்துக்குக் கொண்டுபோய் விட்டுவிட்டு வந்தான்.

அண்ணன் போன் பண்ணுவார் என்று இருந்தேன். பண்ணவில்லை.

மருமகளுக்குப் பனிக்குடத்து நீர் எடுத்துப் பார்த்தார்கள். முடிவை அந்தப் பெண் எனக்கும் போன் பண்ணிச் சொன்னாள். “பிள்ளைக்கு ஒரு பக்கம்தான் ஆச்சி அந்தப் பிசகு. இன்னொரு பக்கம் நல்லாருக்கு. ஒங்களை மாதிரி. வியாதி வராது. நீங்க சொன்னதாலதான் எங்க பெரிய டாக்டருக துணிஞ்சு முடிவு சொன்னாவ.” நல்லது என்றேன். ஒன்றும் தோன்றவில்லை. சந்தோஷம் வரும் என்று கொஞ்ச நேரம் காத்திருந்துகூடப் பார்த்தேன்.

மாதம் நிறைந்து ராஜபாளையத்தில் ஆண் குழந்தை பிறந்தது. பதினாறாம் நாள் பேர்வைக்க வாருங்கள் என்று யாரும் கூப்பிடவில்லை. இரண்டு மாதம் ஆனபின் நானாகப் பஸ் ஏறிப் போனேன்.

அண்ணன் வாசலில் பேப்பர் வாசித்துக்கொண்டிருந்தார். “வா” என்றார். “போயிப் பாரு, உள்ளதான் இருக்காவ.”

குழந்தை பாயில் விழித்துக் கிடந்தது. மருமகள் பக்கத்தில் உட்கார்ந்து துணி மடித்துக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்தாள். “வாங்க அத்த” என்றாள். முன்பெல்லாம் எங்களுக்குள் இந்த வாங்க போங்க கிடையாது. பிறந்ததிலிருந்து என்னை வா அத்தை, போ அத்தை என்றுதான் பேசுவாள்.

“தூக்கட்டுமா?”

“தூக்குங்க.”

தூக்கினேன். கனமாக இருந்தான். என் கட்டைவிரலைப் பிடித்தான். எனக்கு அழுகை வரும் என்றுதான் வழியெல்லாம் நினைத்து வந்தேன். வரவில்லை. அவன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

மருமகள் மடித்த துணிகளை அலமாரியில் வைத்துவிட்டு வந்தாள். “எம்புட்டு நேரம் இருப்பீக?” என்று கேட்டாள்.

“நாலு மணி பஸ்ஸுக்குப் போயிருவேன்.”

“சரி. அவனுக்குப் பால் குடுக்கணும், தாங்க” என்று இரண்டு கையையும் நீட்டினாள். கொடுத்தேன். அவள் எனக்கு முதுகைக் காட்டித் திரும்பி உட்கார்ந்துகொண்டாள். அவன் குடிக்கிற சத்தம் கேட்டது. நாலு மணி வரைக்கும் நான் அங்கேயே இருந்தேன்.