பெண்கள் கவுண்டர் இருந்த கட்டடம்

சினிமா தியேட்டரில் பெண்கள் கவுண்டருக்குள் உட்கார்ந்திருப்பவளுக்கு ஊரில் உள்ள கைகளெல்லாம் தெரியும், முகம் ஒன்றுகூடத் தெரியாது. டிக்கெட் கொடுக்கும் ஓட்டை அவ்வளவு சின்னது. மருதாணி காயாத கை, சாணி வாசம் அடிக்கிற கை, கண்ணாடி வளையல் உடைந்து கீறின கை என்று கோபியில் பத்தொன்பது வருடம் கைகளையே பார்த்துக் காலம் தள்ளினேன்.

பிறகு தியேட்டரை மூடினார்கள். கட்டடம் மட்டும் கிடங்காகி, கல்யாண மண்டபமாகி, இன்றைக்கு டிபார்ட்மென்ட் ஸ்டோராக நிற்கிறது. கைமாறும் ஒவ்வொரு தடவையும் "இந்தம்மாவும் வேணுமா?" என்று ஒரு கேள்வி வரும். தறி ஓட்டிக்கொண்டிருந்த என் வீட்டுக்காரருக்கு இடுப்பு போனதிலிருந்து எங்கள் அடுப்பு எரிந்தது என் ஒருத்தி சம்பளத்தில்தான். அதனால் அதற்குப் பதில் வரும்வரைக்கும் நான் அந்த இடத்தை விட்டு நகர மாட்டேன். வேலை பார்த்த இடம் காலடியிலேயே வேறொன்றாக மாறின அனுபவம் உள்ளவர்கள் மேலே படியுங்கள். மற்றவர்கள் கொடுத்து வைத்தவர்கள், அவர்களும் படிக்கலாம்.

மூடப்போகிற வாரம்

"ஞாயிற்றுக்கிழமையோடு காட்சிகள் நிறுத்தப்படும்" என்று அட்டையில் எழுதி என் கவுண்டர் மேலேயே மாட்டினார்கள். ஆண்கள் அதைப் படித்துவிட்டு வேறு பேச்சுப் பேசிக்கொண்டு போனார்கள். வெள்ளிக்கிழமை மதியக் காட்சிக்கு வாராவாரம் தவறாமல் வரும் ஒரு கை அன்றைக்கும் வந்தது. டிக்கெட்டைக் கொடுத்த பிறகும் அது ஓட்டையிலிருந்து வெளியே போகவில்லை. என்னங்க என்றேன். வெளியிலிருந்து குரல் மட்டும் வந்தது: "அப்ப இனிமே வெள்ளிக்கெழமைக்கு நாங்க எங்கீங்க போயி அழுகறது?"

பால்கனி மஞ்சள்

முதலில் வாடகைக்கு எடுத்தவர் ஒரு மஞ்சள் வியாபாரி. ஜன்னலே இல்லாத கட்டடத்தில் எது எங்கே இருக்கிறது, எந்த ஸ்விட்சைப் போட்டால் எந்த விளக்கு எரியும் என்பது எனக்கு மட்டும்தான் தெரியும். அதனால் மூட்டைக்குச் சீட்டு எழுதும் வேலையைக் கொடுத்து என்னை வைத்துக்கொண்டார். விலை ஏறட்டும் என்று மூட்டைகள் மாதக்கணக்கில் காத்துக் கிடந்தன. நானும் கூடக் கிடந்தேன்.

நல்ல விரலி மஞ்சளைப் பால்கனியில் அடுக்கலாம், மட்டமான கிழங்கு மஞ்சளைத் தரை டிக்கெட்டில் போடலாம் என்று ஒரு நாள் விளையாட்டாகச் சொல்லித் தொலைத்தேன். மேலே ஈரம் ஏறாது என்று வியாபாரி அதையே சட்டமாக்கிவிட்டார். என் வாய்க்கொழுப்புக்கு அந்தக் குறுகலான படியில் மூட்டை சுமந்து செத்தது சுமைதூக்கிகள். அவர்களில் முன்பு எங்கள் தியேட்டரில் படம் பார்த்த ஒருவர், மூட்டையை இறக்கிப்போட்டு முதுகை நிமிர்த்திக்கொண்டு சொன்னார்: "பால்கனி டிக்கெட்டு ஒருக்காக்கூட வாங்காதவனெல்லாம் இப்ப பால்கனிக்குத்தான் போறமுங்கக்கா."

பாயசத்தின் பாதை

அடுத்து மண்டபம். பெயிண்ட் அடித்தார்கள், திரை இருந்த இடத்தில் மணமேடை கட்டினார்கள், பளபளவென்று டைல்ஸ் ஒட்டினார்கள். தியேட்டர் தரை வாசலிலிருந்து திரை வரைக்கும் சரிவாக இறங்கும் என்பதை மட்டும் யாரும் யோசிக்கவில்லை. சரிவு மேலேயே டைல்ஸ்! "நிரவிப்போட்டு ஒட்டுங்க" என்று நான் சொன்னதற்கு, டிக்கெட் கிழித்தவளுக்குக் கட்டட வேலை எதற்கு என்றார் காண்ட்ராக்டர்.

முதல் கல்யாணத்தில் முதல் பந்தி. பெண் வீட்டார் பரிமாறிய பாயசம் வாழை இலையில் நிற்காமல் ஓடி, மாப்பிள்ளையின் அம்மா பட்டுப்புடவை மடியில் இறங்கியது. சம்பந்திச் சண்டை மூளாமல் இருந்ததே பெரிய காரியம். நான்தான் ஓடிப்போய்ச் செங்கல் கொண்டுவந்து மேசைகளின் சரிவுப் பக்கக் கால்களுக்கு அண்டை கொடுத்தேன். அதற்குப் பிறகு எந்த மேசைக்கு எத்தனை செங்கல் என்பது என் பொறுப்பு. அந்தச் செங்கல் புண்ணியத்தில் ஆறு வருடம் சோறு கிடைத்தது. அந்த முதல் கல்யாணத்தில் எங்கள் பக்கத்துச் சீர்களை முன்னின்று நடத்திவைக்க வந்திருந்த அருமைக்காரர் எல்லாவற்றையும் பார்த்துவிட்டுப் பொறுமையாகச் சொன்னார்: "ஏனம்மணி, படம் பாக்கறவன் தலை மறைக்கக் கூடாதுன்னு சரிவு வெச்சாங்க, சரி, திங்கறவனுக்கு எதுக்குங்க சரிவு?"

முகம்

பெரிய பெரிய மண்டபங்கள் பைபாஸில் வந்ததும் எங்கள் மண்டபமும் படுத்தது. ஸ்டோர் வந்தது. எனக்கு பில் போடும் வேலை. ஒரு நாள் துவரம்பருப்பை நீட்டிய அம்மா என் கையையே உற்றுப் பார்த்தார். சுண்டுவிரல் வளைந்திருப்பதை வைத்துக் கண்டுபிடித்துவிட்டார். "நீங்க டிக்கெட்டக்காதானுங்க? இத்தன வருசத்துல உங்க மூஞ்சிய இன்னிக்குத்தான் பாக்கறனுங்க!"

மழை

ஸ்டோர்க்காரர்களும் சரிவை நிரவவில்லை. தள்ளுவண்டியை விட்டால் தானாகவே பருப்பு வரிசைக்கு ஓடும். ஐப்பசி மழையில் தெருத் தண்ணீரும் அதே வழியில் உள்ளே ஓடிவந்து, திரை இருந்த பக்கத்தில் முழங்கால் அளவு நின்றது. பருப்பு மூட்டைகள் ஊறின. கோயமுத்தூரிலிருந்து வந்திருந்த சின்ன வயசு மேனேஜர் தலையில் கையை வைத்துக்கொண்டு நின்றார். மண்டபத்துக்காரர்கள் சாக்கடை வாயின் மேல் மணமேடையைக் கட்டிப் புதைத்தது எனக்குத் தெரியும். தண்ணீருக்குள் இறங்கி மேடை விளிம்பைக் காலால் தடவி, "இங்க ஒடைங்க" என்றேன். உடைத்தார்கள். அரை மணி நேரத்தில் தரை தெரிந்தது.

மறுநாள் மேனேஜர் ஒரு இன்ஜினியரோடு வந்து, இந்தக் கட்டடத்தைப் பற்றி எனக்குத் தெரிந்ததை எல்லாம் சொல்லச் சொன்னார். என்னிடம் யாராவது அப்படிக் கேட்டிருக்கிறார்களா? இரண்டு நாள் முழுக்கக் கூட்டிக்கொண்டு நடந்தேன். குழாய் போகும் வழி, பழைய வயர் ஓடும் சுவர், உள்ளுக்குள் பொள்ளலாகிப்போன தூண், ஒன்று விடாமல் கொட்டினேன். இன்ஜினியர் ஒவ்வொன்றையும் கட்டட வரைபடத்தில் குறித்துக்கொண்டார். இனி யாரும் நம்மை அசைக்க முடியாது என்று வீட்டுக்காரரிடம் சொல்லி, அன்றைக்குக் கறி எடுத்துச் சமைத்தேன். அவரும் நிம்மதியாகச் சாப்பிட்டார்.

அடுத்த வாரம் மேனேஜர் கூப்பிட்டு உட்கார வைத்து டீ வாங்கிக் கொடுத்தார். எங்கள் சீமையில் ஆளை வேலையை விட்டு அனுப்புவதுகூட மரியாதையாகத்தான் நடக்கும். பில் போட வேகமான பிள்ளைகள் வருகிறார்களாம். மழை வந்தால் என்ன செய்வீர்கள் என்று கேட்டேன். அவர் கொஞ்சம் சங்கடப்பட்டுத்தான் சொன்னார்: "தப்பா நெனச்சுக்காதீங்கக்கா, நீங்க சொன்னதெல்லாம் இப்ப பிளான்லயே வந்துருச்சுங்க."

ஆகவே என்னைப் போன்றவர்களே, யார் எவ்வளவு மரியாதையாகக் கேட்டாலும், சாக்கடை எங்கே போகிறது என்பதை மட்டுமாவது சொல்லாமல் வைத்துக்கொள்ளுங்கள்.