விமலா டீச்சர் கொடுத்த வார்த்தை நோட்டு

விமலா டீச்சர் நேற்றுக் காலை போய்விட்டார். மாரடைப்பு.

நான் போன மாதமே சொன்னேன். ராயக்கோட்டை ரோட்டில் வண்டியை ஓரம் கட்டிவிட்டு மூச்சு வாங்க நின்றிருந்தார். பார்த்துவிட்டு வந்து, "இந்தம்மா உடம்பைப் பாக்காம அலையுது, ரொம்ப நாள் தாங்காது"ன்னு வீட்டில் சொன்னேன். யாரும் காதில் வாங்கவில்லை. எனக்குக் கருநாக்கு என்று கம்பெனியிலேயே பேர்...

தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். காது கேட்காத சின்னப் பிள்ளைகளுக்கு வீடு வீடாகப் போய்ப் பேச்சு சொல்லிக்கொடுத்தவர். குந்தாரப்பள்ளி, ஊத்தங்கரை எல்லாம் வண்டியிலேயே போய் வருவார். சரி... ஊத்தங்கரைக்கு மட்டும் பஸ்.

எங்கள் வீட்டுக்கு வந்தது தன்ஷிக்காக. என் அக்கா மகள் ரம்யாவின் பெண். அப்போது ஒன்றரை வயது, இரண்டு காதிலும் மிஷின்.

ரம்யாவும் அவள் வீட்டுக்காரரும் ஷிப்ட்டுக்குப் போய்விடுவார்கள். நான் கம்பெனியை விட்டு நின்றுவிட்டதால் பகலெல்லாம் பாப்பா என் பொறுப்பு.

முதல் நாளே டீச்சர் டிவியை நிறுத்தச் சொன்னார். பாப்பாவுக்கு நேராக, அவள் உயரத்துக்கு என்னைத் தரையில் உட்கார வைத்தார்.

"தண்ணின்னு ஒருவாட்டி சொல்லி நிறுத்தாதீங்கண்ணா. தண்ணி வேணுமா, தண்ணி ஊத்தறேன், தண்ணி சில்லுனு இருக்குதா... பேசிகினே இருக்கணும். கேக்கற புள்ளைங்களுக்கு தானா காதுல விழுது. நம்ம புள்ளைக்கு நாமதான் கொண்டுபோய் சேக்கணும்."

"பேசறதுதானே டீச்சர்? அதுக்கு ஓசூர்லயே என்னை வுட்டா ஆள் கெடையாது."

"அது வந்ததுமே தெரிஞ்சுபோச்சுண்ணா" என்று சிரித்தார்.

ஒரு நோட்டு கொடுத்தார். பக்கத்துக்கு நடுவில் ஒரு கோடு. இந்தப் பக்கம் பாப்பாவுக்குப் புரிகிற வார்த்தை, அந்தப் பக்கம் அவள் சொல்கிற வார்த்தை.

பொருளைக் காட்டக் கூடாது, கை நீட்டக் கூடாது. பின்னால் நின்று சொல்லிப் பார்த்து, புரிந்தால் மட்டும்தான் எழுத வேண்டும். திரும்பத் திரும்பச் சொன்னார்.

நான் படித்தது எட்டாவது. ஆனால் கம்பெனியில் இருபது வருஷம் ஷிப்ட் ரிப்போர்ட் எழுதியவன். லைனையே நான்தான் ஓட்டினேன் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

எங்கள் லைனில் ஒரு பழக்கம் உண்டு. மிஷின் நின்றாலும் ஷீட் காலியாகப் போகாது. டார்கெட்டை ஒட்டி ஏதாவது எழுதிவிடுவோம், அடுத்த ஷிப்ட்டில் சரிக்கட்டிக்கொள்ளலாம் என்று.

நோட்டையும் அப்படித்தான் எழுதினேன்.

முதல் வாரம் பாப்பாவிடம் ஒன்றும் இல்லை. காலிப் பக்கத்தை நீட்டக் கூச்சமாக இருந்தது. 'தண்ணி' என்று எழுதினேன். டம்ளரைக் கையில் பிடித்துக்கொண்டு கேட்டால் எந்தப் பிள்ளைதான் ஓடி வராது?

அடுத்த வாரம் பால், பூனை, செருப்பு. அப்புறம் அந்தப் பக்கமும் நிரம்பியது. 'வா' சொன்னாள், 'தாத்தா' சொன்னாள், 'லாரி'கூடச் சொன்னாள்... என் நோட்டில்.

டீச்சர் வரும்போது பாப்பா வாயே திறக்க மாட்டாள். "உங்களைப் பாத்தா வெக்கம் டீச்சர். நீங்க அப்படிப் போனதும் ஒரே பேச்சு" என்பேன். நம்பி, வாராவாரம் நோட்டில் கையெழுத்துப் போட்டார்.

மற்ற அம்மாக்களிடம் "இந்த அண்ணா மாதிரி எழுதுங்க" என்று காட்டினாராம். அதை நான் டீக்கடையில் சொல்லாத ஆள் இல்லை.

ஆஸ்பத்திரியிலும் நோட்டைப் புரட்டிப் பார்த்தார்கள். இவ்வளவு வார்த்தை வருகிறதென்றால் மிஷினே போதும், காதுக்குள் கருவி வைக்கிற ஆபரேஷனை அப்புறம் பார்க்கலாம் என்றார்கள்.

எட்டு மாதம் போனது.

ஒரு லீவு நாளில் ரம்யா பாப்பாவைப் பின்னாலிருந்து பேர் சொல்லிக் கூப்பிட்டாள். திரும்பவில்லை. "பேட்டரி போயிருக்கும்" என்றேன். புது பேட்டரி போட்டாள். மறுபடி கூப்பிட்டாள். இன்னொரு தடவை... அந்தக் குரல் எனக்கு இப்போதும் கேட்கிறது.

மறுபடி டெஸ்ட் எடுத்தார்கள். அந்த மிஷினில் பாப்பாவுக்குப் பேச்சு கேட்கவே இல்லை. ஆபரேஷன்தான் வழி, இவ்வளவு நாள் ஏன் விட்டீர்கள் என்றார்கள்.

அன்று சாயங்காலம் டீச்சரை வாசலிலேயே நிறுத்தினாள் ரம்யா.

"வாரம் வாரம் கையெழுத்து போட்டீங்களே மேடம்? எங்க மாமா எட்டாவது. அவருக்கு என்னா தெரியும், தெரியாம எழுதிட்டாரு. நீங்க படிச்சவங்கதானே?"

எனக்கு ஒன்றும் தெரியாது என்று யாராவது சொன்னால் சண்டைக்குப் போகிறவன் நான். அன்று குனிந்து பாப்பாவின் செருப்பை மாட்டிவிட்டுக்கொண்டிருந்தேன்.

"என் தப்புதாம்மா" என்றார் டீச்சர். "நானே உக்காந்து டெஸ்ட் பண்ணியிருக்கணும்." என்னைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

அம்மாக்கள் வாட்ஸ்அப் குரூப்பில் ரம்யா எல்லாவற்றையும் எழுதினாள். மூன்று வீட்டில் டீச்சரை வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள்.

ஆபரேஷன் முடிந்து பாப்பாவுக்குப் பேச்சு வர ஆரம்பித்ததும் டீச்சர் வீட்டுக்குப் போய் எல்லாவற்றையும் சொன்னேன். டீ போட்டுக் கொடுத்தார். "வுடுங்கண்ணா, பாப்பா பேசறா இல்ல, அது போதும்" என்றார்.

ரம்யா, இதை நீ படிப்பாய். உன் மாமா தெரியாமல் எழுதவில்லை, தெரிந்தேதான் எழுதினேன். குரூப்பில் இருக்கிற எல்லோருக்கும் இதை அனுப்பு. அப்புறம் நீ என்னைக் கேட்க வேண்டியதைக் கேள்.

போய் வாங்க டீச்சர். உங்கள் மேல் ஒரு தப்பும் இல்லை.

இன்னொன்று... டீச்சர் வீட்டுக்குப் போனேன், டீ கொடுத்தார் என்று எழுதினேனே. நான் போகவில்லை. அவர் வீடு எந்தத் தெரு என்பதே, இன்று காலை கையில் மாலையோடு நின்று நாலு பேரிடம் விசாரித்த பிறகுதான் எனக்குத் தெரியும்.