கட்டிய கத்தரிக்கோல்

எழுபதுகளின் கடைசியில் தேனியில் ஒரு பள்ளியில் தையல் டீச்சராக இருந்தேன். அரசுத் தையல் தேர்வுக்கு வருடா வருடம் என்னைத்தான் பரிசோதகராக அனுப்புவார்கள். வேறு யாரும் போக மாட்டார்கள் என்பதே என் தகுதி. அந்த வருடம் பெரியகுளத்துக்கு அப்பால், கோர்ட்டு அனுப்பிய பெண்பிள்ளைகள் இருந்த சீர்திருத்தப் பள்ளி. கெங்குவார்பட்டி பஸ்ஸில் நின்றுகொண்டே போய், வெயிலில் ஒரு மைல் நடந்தேன். போகும்போதே திரும்பி வருவதை நினைத்து அலுப்பாக இருந்தது.

அங்கே கத்தரிக்கோல்களை மேசை விளிம்பில் ஆணி அடித்து, ஒரு முழக் கயிற்றில் கட்டி வைத்திருந்தார்கள். துணியை விரித்துப் போட்டால் அது அசையக்கூடாது, ஆள்தான் சுற்றி வந்து வெட்ட வேண்டும் என்பது தையலில் முதல் பாடம். கத்தரிக்கோல் நகராததால் இந்தப் பிள்ளைகள் துணியைச் சுற்றினார்கள். பாவம், என்ன செய்யும்? நான் அதற்கு மார்க் குறைக்கவில்லை.

அதில் ஓடைப்பட்டிப் பிள்ளை ஒருத்தி. பதினேழு வயதிருக்கும். அவள் தைத்த ரவிக்கையில், கை இணைத்த இடத்தில் ஒரு சுருக்கம் இல்லை. என் பள்ளியில் ஒருத்தியும் அப்படித் தைத்ததில்லை. இருப்பதிலேயே அதிக மார்க் அவளுக்குத்தான் போட்டேன். விண்ணப்பத்தில் 'பயின்ற நிறுவனம்' என்ற இடத்தை மட்டும் காலியாக விட்டிருந்தாள். "இதக்கூட எழுத மாட்டியா?" என்று கடிந்துகொண்டு, நானே பேனாவை எடுத்து, சீர்திருத்தப் பள்ளியின் பெயரைக் குண்டு குண்டாக எழுதி நிரப்பினேன்.

மறு வருடம், விடுதலையாகி, மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் என்னைத் தேடி வந்தாள். கையில் சான்றிதழ்.

"பஜார்ல தையல் கடையில வேலை கேட்டேன் டீச்சர். தச்சுக் காட்டச் சொன்னாக. நல்லாருக்குன்னுதான் சொன்னாக. இத வாசிச்சதும் மேசை டிராயரப் பூட்டிட்டாக."

"அன்னைக்கே சொல்லியிருக்கலாம்ல?"

"சொன்னா எழுதாம விட்டிருப்பீகளா?"

விட்டிருக்க மாட்டேன். அதுதான் எனக்கு வலித்தது. சாப்பாட்டை மூடி வைத்தேன்.

சான்றிதழில் அந்தப் பள்ளிப் பெயரை நீக்கித் தரச் சொல்லித் தேர்வு அலுவலகத்துக்கு மூன்று கடிதம் எழுதினேன், பதில் இல்லை. நேரில் போனேன். பதிவேட்டில் ஏறியதை மாற்ற முடியாது, வேண்டுமானால் தனித்தேர்வராக மறுபடி எழுதட்டும், அதில் பள்ளிப் பெயர் வராது என்றார் குமாஸ்தா. பழைய குருடி கதவைத் திறடி. அதே தேர்வு, அதே ரவிக்கை. அவளிடம் சொன்னபோது, "எழுதுறேன்" என்று மட்டும் சொன்னாள்.

இந்த முறை தேர்வு என் பள்ளியிலேயே. நான் மேற்பார்வை மட்டும்தான், பரிசோதகர் வெளியூர்க்காரர். முப்பது பள்ளிப் பிள்ளைகளுக்கு நடுவில் அவளும் நின்றாள். கத்தரிக்கோலை யாரும் கட்டியிருக்கவில்லை. ஆனாலும் அவள் மேசை விளிம்பை ஒட்டி நின்றுகொண்டு, துணியைச் சுற்றிச் சுற்றி வெட்டினாள். துணியை அசைக்காமல் ஆள்தான் சுற்ற வேண்டும் என்று அவளுக்கு முன்கூட்டியே சொல்ல மறந்துவிட்டேன்.

பரிசோதகர் அவள் பின்னால் வந்து நின்றார்.

"துணியப் போட்டு இப்படிச் சுத்துறியே, எங்கன படிச்ச? யாரு இதச் சொல்லிக் குடுத்தது?"

அவள் கை நின்றது. பிள்ளைகள் எல்லாம் திரும்பிப் பார்த்தார்கள். அவள் என்னைப் பார்க்கவில்லை, மேசையைத்தான் பார்த்தாள்.

"நான்தான் சார் சொல்லிக் குடுத்தேன்" என்றேன்.

"இத்தன வருசம் டீச்சரா இருக்கீக" என்று சொல்லிவிட்டு, பத்து மார்க்கைக் குறைத்துக்கொண்டு அடுத்த மேசைக்குப் போனார். அவள் நிமிராமல் துணியை இன்னொரு சுற்றுச் சுற்றி வெட்டத் தொடங்கினாள்.

தேறிவிட்டாள். புதிய சான்றிதழை மடிக்காமல் ஒரு நோட்டுக்குள் வைத்து எடுத்துப் போனாள். பழையதை என்னிடமே விட்டுவிட்டாள். அதில்தான் மார்க் அதிகம்.