ஒரே லயம், ரெண்டு நாடு

மொழிபெயர்க்கிற வேலை எண்டால் ரெண்டு பேருக்கு நடுவில இருந்து ரெண்டு பேரிட்டையும் பேச்சு வாங்கிற வேலை. என்னைத் தெரிஞ்ச ஆக்கள் இப்பவே சிரிக்க ஆயத்தமாகியிருப்பியள். "இவன் இமிகிரேஷன் அதிகாரியின்ர மூக்குக் குரலை எடுக்கப்போறான், பிறகு எங்கட லின்ஃபீல்ட் பக்கத்து மாமியள் விசாவுக்கு அழுகிற மாதிரி அழப்போறான்" எண்டு. சிரிப்பு வந்தால் அடக்காதேங்கோ; வராட்டி என்னைக் குறை சொல்லாதேங்கோ. உங்களிலயும் கனபேர் பைலை மடியில வைச்சுக்கொண்டு அந்தக் கவுண்டருக்கு முன்னால குந்தியிருந்தனியள்தானே. உங்களுக்குத்தான் சொல்லுறன்.

தொண்டை வியாதி

எண்பதுகளின்ர நடுப்பகுதி. நான் நியூசிலாந்தில, ஒடாஹுஹுவில ஒரு ஸ்டோர்ஸில கிளார்க். லீவு எடுத்துக்கொண்டு, இங்கிலிஸ் தெரியாத எங்கட ஆக்களோட இமிகிரேஷன் கந்தோருக்குப் போவன். ஃபோமும் நானே நிரப்பிக் குடுப்பன். அப்பிடி வந்தவர்தான் மாரியப்பன். இலங்கையில ஹட்டன் பக்கம் தேயிலைத் தோட்டத்தில பிறந்தவர். ஒரு டாக்குத்தர் குடும்பத்துக்குச் சமைக்க எண்டு இஞ்ச வந்து, பிறகு இறைச்சி ஃபாக்டரியில சேர்ந்தவர். அவற்ற அக்கா லெட்சுமி இந்தியாவில, நீலகிரியில தனிய. புருசன் இல்லை, பிள்ளையில்லை, கண் பார்வையும் மங்கிக்கொண்டு வருது. அவவை இஞ்ச கூப்பிடவேணும். அதுக்கு முதல், அவ கூடப்பிறந்தவ எண்டு அதிகாரி நம்பவேணும். "நீர் ஒண்டுக்கும் பயப்பிடாதையும், நான் பாத்துக்கொள்ளுறன்" எண்டு சொல்லித்தான் கூட்டிக்கொண்டு போனனான்.

என்ர வியாதி என்னெண்டால், ஆர் கதைச்சாலும் அந்தக் குரல் என்ர தொண்டைக்குள்ள வந்திடும். "அக்காதாங்க என்னைய வளத்துச்சு" எண்டு மாரியப்பன் தழுதழுத்துச் சொல்ல, நானும் அவர் நிப்பாட்டின இடத்தில நிப்பாட்டி, அதே தழுதழுப்போட இங்கிலிசில சொல்லிப்போட்டன். அதிகாரி சிரிப்பை அடக்கேலாமல் பேப்பரைப் பாத்தார். வெளிய வந்து பஸ்ஸுக்கு நிக்கேக்க மாரியப்பன் மெதுவாச் சொன்னார்: "ஐயா, என்னைய மாதிரி பேசாதீங்க. எனக்காகப் பேசுங்க."

பங்கு பிரிச்ச கதை

அதிகாரிக்குப் பிடிபடாத விசயம் இதுதான்: தம்பி சிலோன்காரன், அக்கா இந்தியாக்காரி, ரெண்டு பேரும் ஒரே லயத்தில, தோட்டத்து வரிசை வீட்டில, பிறந்தது எப்பிடி? நான் இருந்து விளங்கப்படுத்தினன். நாடு வெள்ளைக்காரனிட்டையிருந்து கைக்கு வந்த அதே வருசம் பிரஜாவுரிமைச் சட்டமும் வந்தது. தகப்பன் இந்தத் தீவில பிறந்ததுக்குப் பதிவுத் துண்டு காட்டு எண்டுது சட்டம். லயத்துக்குள்ள பிறந்த தகப்பனுக்கு ஆர் துண்டு எழுதினவை? நேற்றுவரைக்கும் வெள்ளைக்கார ராசாவின்ர பிரசையா இருந்த சனம், ஒரு நாட்டுக்கும் இல்லாமல் போச்சுது. பிறகு கொழும்பும் டெல்லியும் கதைச்சு, இத்தனை பேர் உனக்கு, இத்தனை பேர் எனக்கு எண்டு பிரிச்சவை. லெட்சுமியின்ர புருசன் வீட்டார் இந்தியாவுக்கு எழுதிக் குடுத்திட்டினம். மாரியப்பன் இலங்கைக்கு எழுதி, கனகாலம் காத்திருந்து, பதிவுப் பிரஜை ஆனவர்.

அதிகாரி கெட்ட மனுசனில்லை. உண்மையா விளங்காமல்தான் கேட்டார், "அப்ப அக்கா எப்ப நாட்டை மாத்தினவ?" எண்டு. அதை நான் தமிழில சொல்ல, மாரியப்பன் சொன்னார்: "அக்கா எதையும் மாத்தலைங்க. தலைமன்னாருக்கு ரயில் ஏறுறப்ப, அழுத அழுகையில சேலைகூட மாத்தலை."

மெலேயின்ர அக்கா

பக்கத்து மேசையில டைப் அடிக்கிற மெலே ஒரு சமோவாக்காரி. அதிகாரி பைலோட உள்ளுக்குப் போன நேரம் பாத்து மெஷினை நிப்பாட்டிப்போட்டு எங்கட பக்கம் திரும்பித் தன்ர கதையைச் சொன்னா. சமோவாவை முந்தி நியூசிலாந்துதான் ஆண்டது. பிறகு அது சுதந்திர நாடாப் போச்சுது. முந்தி அந்த ஆட்சியில பிறந்த கனபேர் நியூசிலாந்துப் பிரஜையள்தான் எண்டு எண்பத்திரண்டில லண்டன் கோட்டில தீர்ப்பு வந்தது. அந்தச் சந்தோசம் ஆறமுதல் வெலிங்டனில புதுச்சட்டம் போட்டிட்டினம். குறிச்ச ஒரு நாளில நியூசிலாந்து மண்ணில நிண்ட ஆக்களுக்குப் பிரஜாவுரிமை, ஊரில நிண்ட ஆக்களுக்கு இல்லை.

நான் அதை அப்பிடியே மாரியப்பனுக்குச் சொன்னன், இந்த முறை ஒருத்தற்ற குரலையும் எடுக்காமல். "அன்னிக்கு அந்தம்மா எங்க இருந்தாங்களாம்?" எண்டார் அவர். கேட்டுச் சொன்னன். மெலே சொன்னது இதுதான்: "நான் இந்தக் கதிரையில டைப் அடிச்சுக்கொண்டிருந்தன். என்ர அக்கா ஊரில, அபியாவில உடுப்புக் காயப்போட்டுக்கொண்டிருந்தவ."

இனம் எண்ட பெட்டி

மூண்டு மாசமா முடிவில்லை. திருப்பிக் கூப்பிட்டிச்சினம். முதல் நாள்தான் நீலகிரியில இருந்து கடிதம் வந்திருந்தது, ஆரையோ கொண்டு எழுதிவிச்சது. உன் முகம் தெரியிறப்பவே கூப்பிட்டுக்கப்பா எண்டு. நான் முழு வீச்சில தொடங்கினன்: ஒரே லயம், ஒரே தாய், அக்கா இந்தியாவைக் கண்டதே கப்பலால இறங்கினாப் பிறகுதான். அதிகாரி கையைக் காட்டி மறிச்சார். "அக்காவை விடுங்கோ. இவரே தன்னை இந்தியன் எண்டெல்லோ எழுதித் தந்திருக்கிறார். இந்தியாவில இருந்து இலங்கைக்குப் போன ஆள், ஹட்டனில பிறந்தன் எண்டால் நான் எதை நம்பிறது?"

"எந்த மடையன் அப்பிடி எழுதினவன்?" எண்டு நான் மேசையில தட்டினன். மெலே பைலை விரிச்சுக் கொண்டந்து வைச்சா. இனம் எண்ட பெட்டிக்குள்ள, இங்கிலிசில, "இந்தியத் தமிழர்". தோட்டத்துச் சனத்துக்கு யாழ்ப்பாணத்தில நாங்கள் வாய்ப்பழக்கத்தில சொல்லுற பேர். எத்தினை தலைமுறை அங்கயே பிறந்திருந்தாலும் அதே பேர்தான். மெலே ஃபோமைப் பாத்தா, அந்த நேரம் நான் குறிப்பெழுதிக்கொண்டிருந்த கொப்பியைப் பாத்தா. வாயை அடக்கேலாமல் இங்கிலிசில சொல்லிப்போட்டா, "இது உங்கட எழுத்தெல்லோ? இவ்வளவு நாளும் இவற்ற அக்காவை மறிச்சு வைச்சிருக்கிறது நீங்கள்தானே!"

அதிகாரி நிலத்தைப் பாத்தார். மாரியப்பன் எங்கள் மூண்டு பேரின்ர முகத்தையும் மாறி மாறிப் பாத்தார். பிறகு என்னட்டைத்தான் திரும்பினார், வேற ஆரிட்டைக் கேக்கிறது? "ஐயா, அந்தம்மா என்ன சொல்றாங்க?"

இங்கிலிசில ரெண்டே ரெண்டு வரி. அதைத் தமிழில சொல்லி முடிக்க எனக்குக் கந்தோர் பூட்டுமட்டும் எடுத்தது.