மானுக்கு விதைத்தது

போன வருடம் கோடையிலிருந்து, காலையில் பல் துலக்கும் முன்பே என் கைப்பேசிக்கு மான்களின் படம் வந்துவிடும். அம்பத்தூர் பக்கம் கள்ளிக்குப்பத்தில் இருந்தவரை அந்த நேரத்தில் ரோஜாப்பூவும் பைபிள் வசனமும்தான் வரும், அனுப்புகிறவர்கள் சொந்தக்காரர்கள். இங்கே விஸ்கான்சினில் பக்கத்து நிலத்துக்காரர் மரத்தில் கட்டி என் கைப்பேசியோடும் இணைத்த கேமரா அனுப்பியது. லென்ஸில் மூக்கை ஒட்டிக்கொண்டு நிற்கும் மான், வாலை மட்டும் காட்டிவிட்டுப் போகும் மான், இடது காது கிழிந்த ஒரு பெண் மான். காப்பி ஆறுவது தெரியாமல் பார்த்துக்கொண்டிருப்பேன். இந்த ஊரில் என்னைத் தேடி வந்த முதல் கூட்டம் அதுதான்.

என் மனைவி ஜெஸி நர்ஸ். அவளுக்கு இந்தச் சிற்றூரில் வேலை கிடைத்ததால் நாங்கள் வந்தோம். நான் அம்பத்தூர் எஸ்டேட்டில் பதினாறு வருடம் டூல் ரூமில் இருந்தவன். ஜிக் செய்வது என் வேலை. துளை போட வேண்டிய இரும்புத் துண்டு அசையாமல், திரும்பாமல், ட்ரில்லுக்கு நேராக வந்து உட்காரும்படி ஒரு பிடிமானம் செய்துகொடுக்க வேண்டும். அது சரியாக அமைந்துவிட்டால் இயக்குகிறவனுக்குத் திறமையே வேண்டாம், கை தானாகத் தப்பில்லாமல் போகும். அந்தத் தொழிலோடு இங்கே வந்து எட்டு மாதம் சும்மா உட்கார்ந்திருந்தேன். ஜெஸி டியூட்டிக்குப் போனபின் வீட்டுச் சுவர்களோடு பேசாத குறை.

அப்போதுதான் பக்கத்து நிலத்துக்காரர் டேல் வந்து கதவைத் தட்டினார். ஸ்கூல் பஸ் ஓட்டி ஓய்வுபெற்றவர், மனைவியை இழந்தவர், முழங்காலில் ஆபரேஷன் ஆகியிருந்தது. ‘ஃபூட் ப்ளாட்’ போட வேண்டும், கூட மாட உதவ முடியுமா என்றார். யாருக்கு ஃபூட் என்று கேட்டேன். மானுக்கு என்றார். “வருஷம் பூரா நான்தான் அவற்றுக்குச் சாப்பாடு போடுகிறேன். இங்கே பனிக்காலம் பொல்லாதது.” எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. “யூ ஆர் எ வெரி குட் மேன்” என்று அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். அவர் குழப்பத்தோடு பார்த்துவிட்டு, இதுவரை யாரும் அப்படிச் சொன்னதில்லை என்று சிரித்தார்.

அன்றைக்கே அம்மாவுக்கு வீடியோ கால் போட்டேன்.

“இன்னாடா சொல்ற, மானுக்கா? அதுக்குன்னு நெலத்த உய்து வெதைக்கிறாங்களா?”

“ஆமாம்மா. பனில ஒண்ணும் கிடைக்காது இல்ல, அதுக்கு.”

“நல்ல மன்சன்டா அவரு. நீயும் நல்லா செய். வாயில்லாத ஜீவன்டா” என்றாள். வெள்ளிக்கிழமை ஜெபக்கூட்டத்தில் எழுந்து நின்று, வேலையில்லாமல் தவித்த தன் மகனுக்குக் கர்த்தர் காட்டிய வேலை இது என்று சாட்சி சொல்லியிருக்கிறாள்.

அம்மாவைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். நான் ஒன்பதாவது படித்தபோது, கிறிஸ்துமஸுக்கு அறுக்கலாமென்று அப்பா ஒரு வான்கோழிக் குஞ்சு வாங்கி வந்தார். அம்மாதான் தவிடு பிசைந்து வைத்தாள். டிசம்பர் இருபத்து நான்காம் தேதி அப்பா கத்தியைத் தீட்டிக்கொண்டு உட்கார, அம்மா வாசற்படியை மறித்து நின்றாள். “எங்கையால துன்னுட்டு கீது. அத்த எப்டி அறுக்கறது?” அந்தக் கிறிஸ்துமஸுக்கு எங்கள் வீட்டில் சாம்பாரும் அப்பாவின் மௌனமும்தான். வான்கோழி அதற்குப் பிறகும் நான்கு வருடம் இருந்தது, காஸ் சிலிண்டர் கொண்டுவருகிறவரைத் தெருமுனைவரை துரத்திக்கொண்டு. ஆட்டுக்கறியோ கோழிக்கறியோ அம்மாவுக்கு விலக்கல்ல. கடையில் வாங்கிச் சமைப்பாள், சாப்பிடுவாள். தன் கையை நம்பி வந்ததை மட்டும் அவளால் முடியாது.

மே மாதம் மண்ணைப் பரிசோதனைக்கு அனுப்பினோம். புளிப்பு அதிகம் என்று வந்ததால் சுண்ணாம்புத் தூள் போட்டோம். பிறகு க்ளோவர் என்கிற ஒரு தீவனப் புல். ஆகஸ்டில் டர்னிப் கிழங்கும் ஓட்ஸும். உறைபனி விழுந்தபின் டர்னிப் இலையில் இனிப்பு ஏறும், அதற்காகவே மான்கள் வரும் என்றார் டேல். மக்காச்சோளத்தை மூட்டையாகக் கொட்டி வைத்து மானை வரவழைப்பது இந்த மாவட்டத்தில் சட்டப்படி குற்றமாம். விதைத்து வளர்த்தால் குற்றமில்லையாம். இதை அவர் சொன்ன விதத்திலேயே எனக்கு விளங்கியிருக்க வேண்டும். ஒரு நாள் காகிதத்தில் நிலத்தை வரைந்து காட்டி, மான்கள் ஓரத்திலேயே மேய்ந்துவிட்டுப் போய்விடுகின்றன, நடுவில் வருவதில்லை என்றார். நான் பென்சிலை வாங்கி, இரண்டு பக்கமும் அகலமாக, நடுவில் இடுப்புபோல ஒடுங்கி வரும்படி வரைந்தேன். ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் போக வேண்டுமென்றால் அந்த இடுப்பைத் தாண்டியே ஆக வேண்டும். டேல் என் முதுகில் தட்டினார். அடுத்த வாரம், அந்த இடுப்புக்கு நேராக, நாற்பதடி எடுத்துவைத்தால் எட்டும் தூரத்தில், ஜன்னல் வைத்த மரக் கோபுரத்தை நிறுத்தினோம். போல்ட் முடுக்கியது நான்.

அப்போது எனக்குத் தெரிந்துவிட்டது. தெரியாது என்று உங்களிடம் சொல்லிவிடலாம், யாரும் வந்து பார்க்கப்போவதில்லை. ஆனால் கோபுரத்தின் ஜன்னலில் குனிந்து பார்த்த அந்த நிமிடமே, நான் பதினாறு வருடமாகச் செய்த வேலையைத்தான் இங்கேயும் செய்திருக்கிறேன், ட்ரில்லின் இடத்தில் துப்பாக்கி என்று புரிந்தது. நிறுத்தியிருக்கலாம். நிறுத்தவில்லை. எட்டு மாதத்துக்குப் பிறகு ஒருவர் என் வேலையைப் பார்த்து “பெர்ஃபெக்ட்” என்று சொல்லியிருந்தார். அது எனக்கு வேண்டியிருந்தது. மான்கள் பெருகிவிட்டன, ரோட்டில் காரில் அடிபடுகின்றன, டேல் பாதிக் கறியை ஏழைகளுக்கு உணவு கொடுக்கும் இடத்துக்குக் கொடுத்துவிடுவார் என்றெல்லாம் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். எல்லாம் உண்மைதான். அம்மாவிடம் மட்டும் ஒன்றையும் சொல்லவில்லை.

நவம்பரில் வேட்டை சீசன் தொடங்கிய சனிக்கிழமை காலை, டேல் எனக்கும் வேட்டைக்காரர்கள் போடும் ஆரஞ்சு நிறச் சட்டை ஒன்றைப் போட்டுவிட்டுக் கோபுரத்தில் உட்காரவைத்தார். வெயில் மரங்களின் மேல் விழுந்தபோது காது கிழிந்த பெண் மான் வந்தது. காற்று எங்களிடமிருந்து அதன் பக்கம் வீசியது. டேல் முகம் சுளித்தார். மனித வாடை பட்டால் தரையை உதைத்துச் சீறிவிட்டு ஓடிவிடும். அது தலையைத் தூக்கியது. கோபுரத்தைப் பார்த்தது. மூக்கை இரண்டு முறை அசைத்தது. பிறகு தலையைக் குனிந்து டர்னிப் இலையைக் கடித்தது. துப்பாக்கிச் சத்தம் என் நெஞ்சுக்குள் கேட்டது. மான் பத்தடி ஓடிப் படுத்துவிட்டது. டேல் இறங்கிப் போய் அதன் பக்கத்தில் தொப்பியைக் கழற்றிக்கொண்டு சிறிது நேரம் நின்றார். நல்ல மனிதர்தான். பிறகு என்னிடம் திரும்பி, “கோடை முழுக்க நீ இங்கேயே நடந்தாய் இல்லையா, உன் வாடை அதற்குப் பழகிவிட்டது. நீ இல்லாவிட்டால் இது கிடைத்திருக்காது” என்று கையை நீட்டினார். பாராட்டுகிறார். நானும் “தேங்க் யூ” என்றேன்.

மறுநாள் அம்மா அழைத்தாள். “மானுங்கோ எப்டி கீது? ஒரு போட்டோ அனுப்புடா, கூட்டத்துல காட்டணும்.” அக்டோபரில் எடுத்த படம் ஒன்றை அனுப்பினேன். காது கிழிந்த மான். ஏன் அதைத் தேர்ந்தெடுத்தேன் என்று இன்றுவரை எனக்குத் தெரியவில்லை. அப்போது அதன் கறி எங்கள் ஃப்ரீசரில் இருந்தது.

ஜனவரியில் நான் மட்டும் ஊருக்குப் போனேன். அம்மா அந்தப் படத்தை லேமினேட் செய்து ஃப்ரிட்ஜின் மேல் நிறுத்தியிருந்தாள். இரண்டு நாள் பார்க்காததுபோல நடமாடினேன். மூன்றாம் நாள் அவள் மீன் ஆய்ந்துகொண்டிருந்தபோது சொல்லிவிட்டேன்.

“சுட்டுட்டாங்களா?”

“ஆமாம்மா. சுட்றதுக்குத்தான் அந்தத் தோட்டமே.”

“உனுக்குத் தெரியுமா?”

“பாதிலேர்ந்து தெரியும்.”

அவள் மீனைக் கீழே வைத்தாள். “அது உன்ன நம்பித்தான வந்துச்சி?”

ஆமாம் என்றேன். அவள் திட்டவில்லை. “எல்லார் முன்னாடியும் சாட்சி சொல்லிட்டேனேடா” என்று மட்டும் சொன்னாள். வெள்ளிக்கிழமை என்னையும் அழைத்துக்கொண்டு போனாள். இரண்டு தெரு தள்ளி ஒரு வீட்டு ஹாலில் பத்துப் பன்னிரண்டு பெண்கள் பாய் விரித்து உட்கார்ந்திருந்தார்கள். பாட்டு முடிந்ததும் அம்மா எழுந்தாள். “எம்புள்ள மானுக்குத் தீனி போட்றான்னு சொன்னேன். அது சுட்றதுக்குப் போட்ட தீனியாம். தெரியாம சொல்லிட்டேன். கர்த்தரு மன்னிக்கணும்.”

பிறகு ஒரு பெண், “இதுக்கா அய்வுற நீ? ஞாயித்துக்கெயம ஆனா பூந்தமல்லிலேர்ந்து பிரியாணி வாங்கியாந்து துன்றமே, அது இன்னா செடியிலயா மொளைக்குது?” என்றாள். எல்லோரும் சிரித்தார்கள். எனக்கு மூச்சு வந்தது. இன்னொருத்தி என் பக்கம் திரும்பி, “ஏன் தம்பி, மான் கறி ஆட்டுக்கறி மாரியே இருக்குமா?” என்று கேட்டாள்.

“இல்லக்கா, கொஞ்சம் இனிப்பா இருக்கும்” என்றேன்.

சொல்லி முடித்தபிறகுதான் அம்மாவைப் பார்த்தேன். சாப்பிட்டதை அவளிடம் நான் சொல்லியிருக்கவில்லை. ஜெஸி மிளகு போட்டு வறுத்திருந்தாள், நான் இரண்டாம் முறையும் கேட்டு வாங்கியிருந்தேன். அம்மா என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள், முதல்முறை பார்க்கிற ஆளைப் பார்ப்பதுபோல. விமானத்துக்குக் கிளம்பும்போது வழக்கம்போலத் தலையில் கைவைத்து ஜெபித்தாள். ஜெஸிக்காக, வழிப்பயணத்துக்காக, டேலின் முழங்காலுக்காகக்கூட. என் பெயர் வந்த இடத்தில் மட்டும் கொஞ்சம் நின்று, பிறகு தொடர்ந்தாள்.

இந்த ஏப்ரலில் டேல் விதை மூட்டையோடு வந்தார். இந்த வருடம் என்னால் முடியாது என்றேன். “நீ சுட வேண்டியதில்லை, விதைத்தால் போதும்” என்றார். அதுதான் முடியாது என்றேன். அவருக்குப் புரியவில்லை, ஆனால் கோபித்துக்கொள்ளவும் இல்லை. தானே நொண்டிக்கொண்டு விதைக்கிறார். மான்கள் இப்போது என் வீட்டு வேலியோரம் வந்து நிற்கின்றன. டேல் தன் கதவைத் திறந்து “கிட்!” என்று விரட்டி ஒரு சத்தம் போட்டால் வெள்ளை வாலைத் தூக்கிக்கொண்டு பறந்துவிடும். நான் கைதட்டி, “ஏய், போ! ஓடு!” என்று அம்பத்தூரே அதிரும்படி கத்துகிறேன். காதைத் திருப்புகின்றன, மூக்கை அசைக்கின்றன, யார் என்று தெரிந்துகொண்டு மறுபடியும் புல்லுக்குக் குனிகின்றன. இந்த நாட்டில் என்னை அந்நியனாக நினைக்காதவை அவைதான். அவற்றுக்கு நானும் ஓர் அந்நியனாகிவிட வேண்டும் என்றுதான் தினமும் காலையில் தட்டைத் தட்டிக்கொண்டு வேலிவரை ஓடிப் பார்க்கிறேன்.