மெக்சிக்கோ முட்டை ரொட்டி

லிந்துலையில் நான் தேயிலைத் தோட்டப் பள்ளிக்கூட வாத்தியாராக இருந்தபோது, துரை பங்களாவில் சமைத்தவரை எல்லோரும் அப்பு என்றே அழைத்தோம். நெடிய மனிதர். கழுத்துப் பொத்தான்வரை பூட்டிய வெள்ளைக் கோட்டு. சமைக்கும்போது எதையும் நாக்கில் வைத்துப் பார்க்க மாட்டார். மோந்து பார்த்தே உப்புப் போடுவார்.

என் மனைவிக்கு அப்போது மசக்கை. எதைச் சாப்பிட்டாலும் வாந்தி. அதைக் கேள்விப்பட்டு, துரை கொழும்புக்குப் போயிருந்த ஒரு ஞாயிறு காலை, முட்டை, தக்காளி, அவித்த போஞ்சி (பீன்ஸ்) விதையோடு அப்பு எங்கள் வீட்டுக்கு வந்துவிட்டார்.

"மெக்சிக்கோவுல இருந்துட்டு வந்த தொரை ஒருத்தரு சொல்லித் தந்தாரு. அங்க காலையில இதத்தான் திம்பாங்களாம்," என்றார்.

சோள மா கிடைக்காததால் கோதுமை மாவில் ரொட்டி சுட்டார். தக்காளியையும் பச்சை மிளகாயையும் தணலில் வாட்டி அம்மியில் நசுக்கினார். பங்களாவில் ஒரு மிளகாய்தானாம், எங்களுக்கு ஐந்து. ரொட்டியின் மேல் பொரித்த முட்டையை வைத்து, அந்தச் சாற்றை ஊற்றி, மசித்த விதையைப் பக்கத்தில் வைத்தார். மனைவி இரண்டு தட்டு சாப்பிட்டாள். இருவரும் அவளையே பார்த்துக்கொண்டிருந்தோம். வாந்தி வரவில்லை.

"நீங்களும் உக்காருங்கண்ணே," என்றாள்.

ஆறு வருஷமாகச் செய்தும் அவர் அதை ஒருநாளும் சாப்பிட்டதில்லையாம். தயங்கி உட்கார்ந்து ஒரு வாய் வைத்தார். மெதுவாக முகம் மலர்ந்தது.

"இத்தன நாளா தொரைக்கு காரம் பத்தாம போட்டுட்டேனே, தங்கச்சி."

துரை திரும்பி வந்த மறுநாள், காலைச் சாப்பாட்டு மேசையில் இந்த ரொட்டியோடு மூன்று கிளாஸ் தண்ணீர் குடித்தாராம். அதை எங்களிடம் சொன்னபோது அப்புவின் முகத்தில் இருந்தது வருத்தமா, சந்தோஷமா என்று இன்றுவரை எனக்குப் பிடிபடவில்லை.